உணரப்படாத ஈர்ப்பு

பல்லாண்டுகள் ஜபம் செய்தும் இறைவன்பால் ஈர்ப்பு எழவில்லையே என்று மனம் வெதும்பும் சாதகர்கள் பலர். ஈர்ப்பு இல்லை என்பதும், அது உணரப்படவில்லை என்பதும் ஒன்றாகுமா?

ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் ஈர்க்கிறது என்று 1687-இல் வெளியான தமது நூலில் நியூட்டன் நிறுவினார். தொலைவு இருமடங்கானால் அவ்விசை நான்கில் ஒன்றாகக் குறையும். ஆயினும் எத்தொலைவிலும் முற்றிலும் அற்றுப்போவதில்லை. பூஜையறையில் அருகருகே நிற்கும் இரு குத்துவிளக்குகளும் ஒன்றையொன்று ஈர்த்த வண்ணமே உள்ளன. நாம்தான் அறிவதில்லை, தரையின் உராய்வே அந்நுண்விசையை வென்றுவிடுகிறது.

அதனை 1798-இல் அளந்து காட்டியவர் ஹென்றி கேவண்டிஷ். ஆறடி மரத்தண்டின் இரு முனைகளிலும் சிறு ஈயக் குண்டுகளைப் பொருத்தி, மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோ நிறையுள்ள இரு பெரிய குண்டுகளை அவற்றின் அருகே கொண்டுவந்தார். அவை சிறு குண்டுகளை இழுத்த விசை ஒரு மணல் துகளின் எடையினும் குறைவு. அறையினுள் ஒருவர் நின்றால் அவரது உடல் வெப்பமே காற்றை அசைத்துத் தண்டை அலைக்கழித்துவிடும். எனவே கருவியை அறையில் வைத்து அடைத்து, தாம் வெளியே நின்று தொலைநோக்கி வழியே பார்த்தார். பெரிய குண்டுகளையும் கப்பியின் உதவியால் வெளியிலிருந்தே நகர்த்தினார். கதவை அடைத்ததால் ஈர்ப்பு பிறந்துவிடவில்லை. முன்பே இருந்தது தெரியவந்தது, அவ்வளவே.

புலன்களின் வாயில்களை அடைத்துத் தியானத்தில் அமர்வதும் இத்தகையதே. ஆனால் கதவை அடைத்தபின்பும் ‘நான்’ உள்ளேயே நின்றுகொண்டு, ‘ஏதேனும் தெரிகிறதா?’ என்று நொடிதோறும் சோதித்துக்கொண்டிருக்கிறது. அதன் வெப்பம் போதாதா, தண்டை அலைக்கழிக்க? சேறு படிந்த ஊசியைக் காந்தம் இழுப்பதில்லை என்ற ஸ்ரீராமகிருஷ்ணரின் உவமையை நாம் அறிவோம். அச்சேற்றில் பெரும்பகுதி இந்தச் சோதனைப் புத்திதானோ என்று தோன்றுகிறது.

பூமியின் தேவதை மனிதனின் அபானனைப் பற்றிக் கீழ்நோக்கி இழுத்து அனுக்கிரகம் செய்கிறாள். இல்லையேல் உடல் கனத்தால் விழும், அல்லது வெளியில் மேலெழுந்துவிடும் என்பது பிரச்ன உபநிடதத்திற்குச் சங்கரர் தரும் விளக்கம். நியூட்டனுக்கு முன்பே நம்மவர் அறிந்தனர் என்று இதைக் காட்டிப் பெருமை பேசுதல் பொருந்தாது. அங்கே ஆராயப்படுவது பிராணன். ஆயினும், இழுக்கப்படுவதையே அனுக்கிரகம் என்றாரே, அச்சொல் நோக்கத்தக்கது. ஒரு சுவையும் காணாமல் ஆண்டுக்கணக்கில் ஒருவர் விடியற்காலையில் அதே ஆசனத்திற்கு வந்து அமர்கிறார் எனில், அவரை அங்கே கொண்டுவந்து அமர்த்துவது எது?