இரண்டு காலடிகள்

யாரும் பார்க்கவில்லை என்பதால் ஒரு தவறு தவறு இல்லை என்று ஆகிவிடுமா? ஊருக்குள் வாழும்போது இந்தக் கேள்விக்கு இடமே இருப்பதில்லை. பார்ப்பதற்கு எப்போதும் யாராவது இருக்கிறார்கள். மனித சஞ்சாரமே இல்லாத ஒரு பாலைவனத்தில்தான் அது என்னை மறித்துக் கொண்டு நின்றது.

கலிபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். 1994-இல் தேசியப் பூங்காவானது. 1913 ஜூலையில் அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் உச்ச வெப்பமாக இன்றும் ஏட்டில் நிற்கிறது. அந்த மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒரு குளிர்காலத்தில் என்னை அங்கே அழைத்துப் போனான். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் எலும்பை உலுக்கும் சரளைப் பாதை. ஹோம்ஸ்டேக் என்ற முகாமில் இறங்கினோம். முகாம் என்றால் கூடாரம் அடிக்கக் கொஞ்சம் தரை, அவ்வளவுதான். குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல் கொண்டு போயிருந்தோம்.

நான் உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோலை அவன் பொறுக்கிப் பையில் கட்டினான்.

“மக்கிப் போகிற பொருள்தானே அப்பா?” என்றேன்.

“ஈரம் இருந்தால்தானே மாமா மக்கும்? இங்கே போட்டது வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும்.”

மறுநாள் காலை, பக்கத்திலிருந்த ‘ரேஸ்டிராக்’ என்னும் வறண்ட ஏரிக்குப் போனோம். நாலரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை. அதன்மேல் பாறைக் கற்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அது நகர்ந்து வந்த நீண்ட தடம். மழைநீர் மெல்லிய பனிக்கட்டியாக உறைந்து, வெயிலில் உடைந்து, இளங்காற்றில் மிதந்து கற்களைத் தள்ளுகிறது என்பதை 2014-இல் வெளியான ஆராய்ச்சி விளக்கிற்று. ஆராய்ந்தவர்கள் அங்குள்ள கற்களில் கருவி பொருத்தப் பூங்கா அனுமதிக்கவில்லை. வெளியிலிருந்து கற்களைக் கொண்டு வந்து வைத்து, ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். அறிவுத் தாகத்துக்கே அங்கே எல்லை உண்டு.

தரை ஈரமாயிருந்தால் கால் வைக்கக் கூடாது என்பது விதி. மருமகன் காரில் காப்பிக்கு அடுப்பு மூட்டிக் கொண்டிருந்தான். அருகில் ஒரு கல். ஓரம் காய்ந்துதானே இருக்கிறது என்று இரண்டடி வைத்தேன். கால் புதைந்தது. பதறிப் பின்வாங்கிக் கையால் தடவி மூடப் பார்த்தேன், வடு பெரிதாயிற்று. இத்தகைய தடங்கள் அங்கே ஆண்டுக் கணக்கில் நிற்குமாம்.

மனம் உடனே வக்கீலாக மாறியது. ‘கல்லும் தடம் பதிக்கிறது, நானும் பதித்தேன். எந்த உயிருக்கு என்ன நஷ்டம்?’

வாதம் சாமர்த்தியமானதுதான், ஆனால் நிற்கவில்லை. கல்லுக்கு நகராமலிருக்கும் சுதந்திரம் இல்லை, எனக்கு இருந்தது. சுதந்திரம் உள்ள இடத்தில்தான் பொறுப்பும் பிறக்கிறது. நஷ்டம் யாருக்கு என்றால், எனக்குப் பின்னால் அத்தனை தூரம் உடம்பு நோக வந்து, மனிதன் தொடாத ஓரிடத்தைப் பார்க்க நினைப்பவனுக்கு. அவன் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தீங்கு செய்யாமலிருக்க வெட்கம் ஒன்றே போதும். முகம் தெரியாதவனுக்காகக் காலைப் பின்னுக்கு இழுத்துக் கொள்வதற்குத்தான் அறம் வேண்டியிருக்கிறது.

மருமகனிடம் சொன்னேன். அவன் கடிந்து கொள்ளவில்லை. “சொல்லாமலே இருந்திருக்கலாமே மாமா,” என்றான்.

இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் செய்தவன் பார்த்திருக்கிறானே!

வாழ்நாளெல்லாம் உலகில் ஒரு தடம் பதிக்க வேண்டுமென்று எழுதி வந்தவன் நான். என் நாவல்களில் எது எத்தனை நாள் நிற்குமோ, அறியேன். அழிந்து போக வேண்டுமென்று நான் மனமார விரும்பும் தடங்கள் அந்த இரண்டு காலடிகள்தாம்.