யாருடைய பசி?

சாம, தான, பேத, தண்டம் என்று நான்கு உபாயங்களை நம் முன்னோர் அரசர்களுக்கு வகுத்து வைத்தார்கள். பகையரசனை வழிக்குக் கொண்டுவர ஏற்பட்டவை அவை. இன்று அந்த நான்கும் ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்துக்காகப் பிரயோகமாகின்றன. "என் கண்ணல்லவா, ஒரே ஒரு வாய்" என்பது சாமம். "சாப்பிட்டால் மிட்டாய் தருவேன்" என்பது தானம். "எதிர்வீட்டுப் பாப்பா எப்படிச் சாப்பிடுகிறது பார்" என்பது பேதம். பூச்சாண்டியைக் கூப்பிட்டால் தண்டம். நான்கும் பலிக்காத வீட்டில் ஐந்தாவதாகக் கைத்தொலைபேசி வருகிறது. குழந்தை படத்தைப் பார்க்கிறது. வாய் தானாகத் திறக்கிறது. சோறு உள்ளே போய்விடுகிறது.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இடுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எப்போது நமக்குப் பகையரசன் ஆயிற்று?

விருந்துக்கு வந்தவர் "போதும்" என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், இரண்டு முறை உபசரிப்போம். மூன்றாம் முறை விட்டுவிடுவோம். அவர் வாயைப் பிடித்துத் திறப்பதில்லை. குழந்தை தலையைத் திருப்பிக்கொள்வதும் அதே 'போதும்'தான். அதற்குப் பேச்சு வராதது அதன் குற்றமா? 'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் பாதிக்கு மேல் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறார். அவர் காட்டும் அளவுகோல் பசி. அந்த அளவுகோலைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, வளர்ந்தபின் "அளவறிந்து சாப்பிடு" என்று சொல்கிறோம்.

உபாயங்களில் எனக்கு அதிக அச்சம் தருவது தண்டம் அல்ல, தானம். கீரை தின்றால் மிட்டாய் என்றால், குழந்தை என்ன முடிவுக்கு வரும்? கூலி கொடுத்துத் தின்னச் சொல்கிறார்களே, அப்படியானால் கீரை கெட்ட பண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றுதான். அமெரிக்காவில் லியேன் பர்ச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை ஒட்டியதே. ஒரு பானத்தைக் குடித்தால் வெகுமதி என்று குழந்தைகளைக் குடிக்கவைத்தபோது, அந்தப் பானத்தின்மீது அவர்களுக்கிருந்த விருப்பம் குறைந்தது.

"அதன் இஷ்டத்துக்கு விட்டால் மூன்று வேளையும் மிட்டாயையே தின்னுமே!" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். இதற்குப் பதில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவரிடம் இருக்கிறது. அவர் 1926-இல் தொடங்கிய சோதனையில், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை உணவுகள் வைக்கப்பட்டன. குழந்தை கை நீட்டினால்தான் தாதி ஊட்டலாம். இல்லாவிட்டால் வாய்திறவாமல் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் காலை ஆரஞ்சுச் சாறும் ஈரலுமே ஆகாரம். இன்னொரு நாள் வேறு விநோதம். ஆனால் 15 குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தார்கள். சூட்சுமம் எங்கே என்பதையும் டேவிஸே 1939-இல் சொல்லிவிட்டார்: அந்த 34 உணவுகளின் பட்டியலில். அதில் சர்க்கரை இல்லை. கடைப் பலகாரம் இல்லை.

இதிலிருந்து பொறுப்பு இரண்டாகப் பிரிவது தெரிகிறது. எதை வைப்பது, எந்த வேளையில் வைப்பது என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பாடு. நாமோ மிட்டாய் டப்பாவை வாங்கி அலமாரியில் நிரப்பிவிட்டு, குழந்தையின் வாயோடு போராடுகிறோம். நம் பங்கைச் செய்யாமல் அதன் பங்கில் தலையிடுகிறோம்.

தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று அதட்டும் பாட்டிகளை நான் குறை சொல்லமாட்டேன். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு எத்தனையோ குடும்பங்களில் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. சோற்றை வீணாக்காதிருப்பது தர்மம். ஆனால் பசியில்லாத வயிற்றில் திணித்த சோறும் வீணான சோறுதான். முதலில் கொஞ்சமாகப் பரிமாறலாமே, வேண்டுமானால் கேட்கட்டும். எடை ஏறாத குழந்தையை, நோயுற்ற குழந்தையை மருத்துவரிடம் காட்டவேண்டும். அது வேறு விஷயம்.

பொறுமையும் வேண்டும். புதிய காய் ஒன்று நாக்குக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். தகப்பனார் பாகற்காயை இலையோரம் ஒதுக்கிவைத்துவிட்டு மகனுக்கு அதன் மகிமையை உபதேசித்தால், நூறு தடவை ஆனாலும் பழகாது.

கறிகாயோடு முடிகிற பிரச்சினையாக இது எனக்குத் தோன்றவில்லை. உன் வயிறு சொல்வதை நம்பாதே, நாங்கள் சொல்வதை நம்பு என்று மூன்று வயதில் கற்றுக்கொடுக்கிறோம். அதே பிள்ளையிடம் இருபது வயதில், ஊர் என்ன சொன்னாலும் உன் மனச்சாட்சி சொல்வதைக் கேள் என்று எந்த முகத்தோடு சொல்வோம்?

நல்ல உணவைத் தட்டில் வைப்போம். பக்கத்தில் உட்கார்ந்து நாமும் அதையே உண்போம். குழந்தை "போதும்" என்றால், அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்போம்.