ஒரு சக்கரம் தூக்கட்டும்!

‘வாழ்க்கையில ஒரு பிடிப்பு வேணும் சார்!’ வேலை போனவரிடமும் சொல்கிறோம், பரீட்சையில் கோட்டைவிட்ட பையனிடமும் சொல்கிறோம். சரிதான். ஆனால், எவ்வளவு பிடிப்பு?

பதில் தேடி சாமியார்களிடம் போக வேண்டாம். கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டி போதும். 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல் வெட்டும் மெஷினின் இன்ஜினைப் பொருத்தி உருவாக்கியது. சென்னாவும் ஷூமாக்கரும் இதில்தான் ரேஸ் பழகினார்கள். நம்ம இருங்காட்டுக்கோட்டையிலேயே இதற்குத் தடம் இருக்கிறது.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம். மாட்டுவண்டியில் சக்கரங்கள் தனித்தனியாகச் சுற்றும், பிரச்னை இல்லை. காரில் ‘டிஃபரன்ஷியல்’ பார்த்துக்கொள்ளும். கார்ட்டில் அது கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. ஒன்றின் வேகம்தான் மற்றதற்கும். இரண்டு டயரும் ரோட்டை விடாப்பிடியாகப் பிடித்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகப் போகவே அடம்பிடிக்கும்.

அப்புறம் எப்படித் திரும்புகிறது? ஸ்டீயரிங்கைத் திருப்பியதும், முன்சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும் சாய்வு, உள்பக்கப் பின்சக்கரத்தை லேசாகத் தூக்கிவிடும். பாரம் வெளிப்பக்க டயருக்குப் போகும். வண்டி சட்டென்று திரும்பும். வளைவு முடிந்ததும் தூக்கிய சக்கரம் தரைக்கு வந்துவிட வேண்டும். தாமதித்தால் வேகம் போச்சு. டயரின் பிடிப்பு அளவுக்கு மீறினாலோ வண்டி குதிக்கும், இன்ஜின் திணறும்.

மகாபாரத அஸ்தினாபுரத்தில் நடந்ததும் இதுதான். பாண்டவர்கள் கடைசியாகக் கேட்டது ஐந்தே ஊர்கள். துரியோதனன் ஊசிமுனை நிலமும் தர மறுத்தான். தப்பு என்று தெரிந்தும், மகன் மேல் வைத்த பிடியைத் திருதராஷ்டிரனால் தளர்த்த முடியவில்லை. வளைவில் திரும்பாத வண்டி, நேராகக் குருக்ஷேத்திரத்தில் போய் நின்றது.

குரோம்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் நம்ம அஸ்தினாபுரத்துக்கு வாருங்கள். பி.எஃப். பணத்தில் வீடு கட்டி ரிட்டயரான அப்பா. மகளுக்குப் புனேயில் வேலை. ‘இங்கே இல்லாத வேலையா?’ என்கிறார் அப்பா. ‘வீட்டை வித்துட்டு நீங்களும் வாங்களேன்’ என்கிறாள் மகள். பாசத்தில் குறைவில்லை. ஒரே அச்சு. இரண்டு பேருமே முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குடும்பம் திரும்ப மறுக்கிறது.

யார் விட்டுக்கொடுப்பது? இந்த வளைவில் யார் போக வேண்டிய தூரம் அதிகமோ, அவருடைய டயர் பிடிக்கட்டும். மற்றவர் கொஞ்சம் எழும்பட்டும். முதல் வேலை என்றால் தூரம் மகளுக்கு. நாளைக்கு அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் என்றால் வளைவு மறுபக்கம். அப்போது லீவு போட்டு வர வேண்டியவள் மகள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இடது வளைவில் இடது சக்கரம் தூக்கும், வலது வளைவில் வலது. எல்லா வளைவிலும் ஒரே ஆள்தான் எழும்புகிறார் என்றால் – பல வீடுகளில் அது அம்மா – அதை விட்டுக்கொடுத்தல் என்று கௌரவமாகச் சொல்லாதீர்கள். சுரண்டல் என்று சொல்லுங்கள்.

பற்றை அடியோடு விடச் சொல்கிறார்கள் ஞானிகள். குடும்பஸ்தனுக்கு அது ஆகாது. சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எப்படி வண்டி ஓட்டுவது? ஒரு வளைவு முடியும்வரை, ஒரு விரற்கடை தூக்கினால் போதும்.

உங்கள் வீட்டில் இப்போது வளைவு எந்தப் பக்கம்?