உண்பதும் ஈவதும்

தியாகம் என்பது அரிதிற் பயின்று அடையத்தக்க குணமென்றே நம் சமயநூல்கள் பெரும்பாலும் போதிக்கின்றன. உண்பது பிராணிகளின் இயற்கை, ஈவது அவ்வியற்கையை வென்றோரின் சிறப்பு என்னும் பாகுபாடு நம் சிந்தையில் ஊறிக் கிடக்கிறது. ஜீவராசிகளின் அடித்தளத்திலும் இது செல்லுபடியாகுமா என்ற வினாவை என்னுள் எழுப்பியது, ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பரிசோதனை.

குவீன்ஸ்லாந்தில் யாட்டலா என்னும் ஊரின் பீர் ஆலையில், 2007-ஆம் ஆண்டு, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 3 மீட்டர் உயரமுள்ள 12 குழாய்களை நிறுத்தி, சர்க்கரையும் மாவுச்சத்தும் ஆல்கஹாலும் கரைந்த ஆலைக் கழிவுநீரை அவற்றினூடே செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டு மின்சாரம் எடுக்க முயன்றார்கள். கருத்து புதிதன்று, 1911-லேயே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பாட்டர், ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைக்கையில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். இத்தகைய நுண்ணுயிர் மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் பெரும்பாலும் அரை வோல்ட் அளவே. அதைக் கொண்டு ஊருக்கு விளக்கேற்ற இயலாது. கழிவுநீரைத் தூய்மையாக்க அதனுள் இயந்திரத்தால் காற்றை ஊதும் செலவு மிச்சமாவதே பெரிய லாபம்.

குழாயினுள்ளே கரியிழைகள் அடர்ந்த மின்வாயின்மேல் வழுவழுப்பான படலமாக நுண்ணுயிர்கள் படிந்து வாழ்கின்றன. நாம் உண்ட அன்னத்தின் எலக்ட்ரான்களை ஈற்றில் ஏற்றுக்கொள்வது நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன்; அது புகாத அவ்விருளிலோ, ஜியோபாக்டர் போன்ற நுண்ணுயிர் தன் உடலுக்குப் புறத்தேயுள்ள கரியிடம் அவற்றை ஒப்படைக்கிறது. அவை கம்பி வழியே மறு மின்வாயை அடைந்து, காற்றின் ஆக்ஸிஜனோடும் ஹைட்ரஜன் அயனிகளோடும் கூடி நீராகின்றன.

கம்பியைத் துண்டித்தால் நிகழ்வதுதான் என் மனத்தை விட்டு அகலாதது. உணவு குறைவதில்லை, கழிவுநீர் முன்போலவே சத்தைச் சுமந்து வருகிறது. ஆயினும் வாங்கிக்கொள்வார் இல்லாமையால், ஜியோபாக்டர் அவ்வுணவிலிருந்து சக்தியைப் பெற வகையின்றி, இலை நிறையப் பரிமாறிய பந்தியில் பட்டினி கிடக்கிறது. புளிக்கவைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை பெறும் சக்தி சொற்பம்.

இதனை அறம் என்று கூற நான் துணியேன். தெரிந்தெடுக்கும் சுதந்திரம் இல்லாதவிடத்துப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. மூச்சுதோறும் எலக்ட்ரான்களை ஈந்துகொண்டே ஒருவன் பரம லோபியாகவும் வாழ்வதை நாம் காண்கிறோம். ஆனால் ஈகை இயற்கைக்குப் புறம்பானது, மேலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டது என்னும் கோட்பாடு இங்கே ஆட்டங்காண்கிறது. ஈவது, உண்பதன் பிற்பாதியாகவே உயிரின் மூலத்தில் அமைந்திருக்குமாயின், காரணம் கேட்கப்பட வேண்டியவன் தியாகியல்லன். பெற்றதைப் பூட்டி வைத்திருப்பவனே.

வைசுவதேவம் என்னும் அன்ன ஆகுதியை முடித்த கிருகஸ்தன், தான் உண்ணுமுன் வாயிலில் நின்று அதிதியின் வரவை எதிர்நோக்க வேண்டும் என்று விதித்தார்கள் நம் முன்னோர். அதிதியின் பசிக்காக ஏற்பட்ட விதி இது என்றே நெடுங்காலம் கருதியிருந்தேன்; கிருகஸ்தனுடைய பசியும் அதில் சேர்த்தே எண்ணப்பட்டிருக்க வேண்டும் என்று இப்பொழுது தோன்றுகிறது.