மாதுளைக் கோலும் ஒலிவ விறகும்

இறைச்சியைச் சுடுவதற்கு எந்த மரம் ஏற்றது என்பது பொதுவாக அடுப்படிக்கு உரிய கேள்வி. ஆனால் அந்த இறைச்சி ஒரு கட்டளையின்படி சுடப்படும்போதும், பலிபீடத்தில் கடவுளுக்கென எரிக்கப்படும்போதும், அதே கேள்வி சமயச் சட்டத்துக்கும் மெய்யியலுக்கும் உரியதாகிவிடுகிறது. யூத மரபில் இக்கேள்வி இரண்டு இடங்களில் எழுந்தது. ஒன்று, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா விழாவின் இரவில் உண்ணப்பட்ட ஆட்டைச் சுடும் முறை பற்றியது. மற்றொன்று, எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தில் அடுக்கப்பட்ட விறகு பற்றியது. ஆலயம் பொ.ஆ. 70இல் உரோமரால் அழிக்கப்பட்ட பின்னரும் இவ்விரண்டையும் பற்றிய விதிகள் மறக்கப்படவில்லை. வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பாக ஏறத்தாழ பொ.ஆ. 200இல் உருவான மிஷ்னாவில் அவை இடம்பெற்றன. அந்நூலுக்கு விரிவான ஆராய்ச்சியாக அமைந்த பாபிலோனியத் தல்மூத், செய்வதற்கு இடமே இல்லாமற்போன ஒரு செயலின் நுணுக்கங்களை நூற்றாண்டுகள் கடந்தும் அலசியது.

பஸ்கா ஆட்டைப் பச்சையாகவோ நீரில் அவித்தோ உண்ணலாகாது, நெருப்பில் சுட்டே உண்ண வேண்டும் என்பது யாத்திராகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் விதிக்கும் கட்டளை. கேட்பதற்கு எளிமையானதாகத் தோன்றும் இக்கட்டளை, முழு ஆட்டையும் தாங்கி நிறுத்த ஒரு கோல் வேண்டும் என்ற நடைமுறைத் தேவை வந்தவுடன் சிக்கலாகிறது. ஏனெனில் ஆட்டின் உடலுக்குள் செருகப்படும் கோல் தானும் சூடேறி, தன்னிடமுள்ள ஈரத்தை வெளியிட்டு, இறைச்சியின் ஒரு பகுதியை வேகவைத்துவிட்டால், அப்பகுதி நெருப்பில் சுடப்பட்டது என்று சொல்ல முடியாது. மிஷ்னா இதற்கு மாதுளை மரத்தின் கோலைக் கொண்டுவரச் சொல்கிறது. ஏன் மாதுளை என்று தல்மூத் கேட்டு, மற்ற மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுகிறது: பேரீச்ச மரத்தில் நீள்வாக்கில் வரிப்பள்ளங்கள் இருப்பதால் நீர் கசியும்; அத்தியின் உள்ளீடு பொள்ளலாக இருப்பதால் அதிலும் நீர் கசியும்; கருவாலி, கரோப், காட்டத்தி ஆகியவற்றில் கணுக்கள் இருப்பதால் அவற்றின் வழியே நீர் வெளிப்படும். மாதுளைக்கும் கணு உண்டே என்ற மறுப்புக்கு, அதன் கணுக்கள் வழவழப்பானவை என்று ஒரு விடையும், கணு விடாத ஓராண்டுக் கிளையையே இங்கே கருத வேண்டும் என்று மற்றொரு விடையும் தரப்படுகின்றன. கிளையை வெட்டிய முனையிலிருந்து நீர் வராதா என்று அடுத்த கேள்வி எழ, அந்த முனையை ஆட்டின் உடலுக்கு வெளியே நீட்டி விடலாம் என்று முடிகிறது. சுவையைப் பற்றி இவ்வளவு நீண்ட ஆராய்ச்சியில் ஒரு சொல்கூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

உலோகக் கம்பியோ கம்பி வலையோ பயன்படலாகாது என்ற விதியின் காரணமும் இத்தகையதே. மரக்கோல் எரிந்துபோகாதது போலவே உலோகக் கம்பியும் இறைச்சியைச் சமைத்துவிடாது என்று ரப்பி யெகூதா வாதிட்டார். உலோகத்தின் ஒரு பகுதி சூடேறினால் முழுவதும் சூடேறும், மரம் அவ்வாறன்று என்று மற்ற அறிஞர் விடை கூறினர். வெப்பக்கடத்தல் என்று இன்றைய இயற்பியல் அழைக்கும் பண்பை அவர்கள் சமயச் சட்டத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டனர் என்பதில் வியப்பதற்கு அதிகமில்லை, அடுப்பருகே நின்ற எவரும் அதை அறிவர். வியப்புக்குரியது, அந்த அறிவின் மேல் அவர்கள் ஏற்றிய பொறுப்புதான். ஆட்டின் கால்களையும் குடலையும் அதன் வயிற்றுக்குள் வைத்துச் சுடலாம் என்று கலிலேயராகிய ரப்பி யோசே சொல்ல, அது அவிப்பதைப் போன்றதாகிவிடும், வெளியே தொங்கவிட வேண்டும் என்று ரப்பி அக்கிவா மறுத்தார். ஆடு மண்ணடுப்பின் சுவரில் பட்டுவிட்டால், பட்ட இடத்தைச் சீவி எறிய வேண்டும் என்பதும் விதி. இத்தனை கண்டிப்புக்கும் நடுவே, ரப்பன் கமாலியேல் தம் பணியாளான தபியிடம் பஸ்கா ஆட்டைக் கம்பி வலையில் சுடச் சொன்னார் என்ற செய்தியையும் மிஷ்னா மறைக்காமல் பதிவுசெய்கிறது. விதியை மீறிய பெரியவர் ஒருவரின் செயலை விதிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் துணிவு சட்ட நூல்களில் அரிது.

இவ்விவாதத்தின் உட்பொருளைச் சைவ சித்தாந்தம் பயன்படுத்தும் காரண வகைகளைக் கொண்டு தெளிவாக்கலாம். குடம் உருவாக மண் முதற்காரணம், அதாவது குடமாக மாறும் பொருள். திரிகை துணைக்காரணம், அதாவது செயலுக்கு உதவும் கருவி. குயவன் நிமித்த காரணம், அதாவது செய்பவன். சுடும் செயலில் இறைச்சி முதற்காரணமாகவும் சுடுபவன் நிமித்த காரணமாகவும் அமைய, நெருப்பு, கோல் ஆகிய இரண்டும் துணைக்காரணங்களாகின்றன. ஆனால் கட்டளை நெருப்பை மட்டுமே பெயர் சொல்லிக் குறித்திருப்பதால், கோல் தாங்குவதோடு நின்றுவிட வேண்டும், இறைச்சியை மாற்றும் வேலையில் அதற்குப் பங்கு இருக்கலாகாது. எனவே மாதுளை தேர்ந்தெடுக்கப்பட்டது அதன் தனிச்சிறப்புக்காக அன்று. தன்னிடமிருந்து எதையும் இறைச்சிக்குத் தராமல் ஒதுங்கி நிற்கும் தன்மைக்காகவே. இன்று புகையூட்டிய இறைச்சியை விரும்புவோர் மரத்தைத் தேர்வது இதற்கு நேர்மாறான நோக்கத்தோடு: மரத்தின் கட்டமைப்புக்கு உறுதியளிக்கும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தில் சிதைந்து தரும் குவையகோல், சிரிங்கோல் முதலிய சேர்மங்கள் இறைச்சியில் படிய வேண்டும் என்பதே அவர்களது விருப்பம்.

மரத்துக்கே ஓர் ஆற்றல் உண்டு என்று கொண்ட சமய மரபுகளும் இருந்தன. வேத வேள்வியில் பலிவிலங்கின் வபை எனப்படும் கொழுப்புச் சவ்வை வாட்டும் கோல்கள் கார்ஷ்மரிய மரத்தால், அதாவது தமிழர் குமிழ் என்று அறியும் மரத்தால், செய்யப்பட்டன. அம்மரம் அரக்கரை விரட்டும் என்று சதபத பிராமணம் கருதியது. யூதருக்குள்ளேயே, பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் எத்தியோப்பியத் திருச்சபையின் கீயஸ் மொழியில் முழுமையாகக் கிடைத்திருப்பதுமான யூபிலி நூல், பலிபீடத்துக்கு உரிய மரங்களை ஆபிரகாம் தம் மகன் ஈசாக்குக்குப் பட்டியலிட்டுச் சொல்வதாகக் கூறுகிறது. சைப்ரஸ், வாதுமை, தேவதாரு, அத்தி, ஒலிவம் முதலியவை அதில் அடங்கும். பழைய விறகை வைக்கலாகாது, அதன் நறுமணம் போய்விட்டது என்பது அங்கே சொல்லப்படும் காரணம். இங்கே விறகு வெறும் எரிபொருளன்று, அதுவே ஒரு காணிக்கை.

மிஷ்னாவின் பார்வை வேறு. பலிபீடத்துக்கு எல்லா மரங்களும் தகும், ஒலிவமும் திராட்சைக் கொடியும் மட்டும் தகா என்று அது கூறி, அத்திக்கிளை, அக்ரோட், பைன் இனத்தது என்று பலரும் கொள்ளும் எண்ணெய் மரம் ஆகியவையே வழக்கத்தில் இருந்தன என்று சேர்க்கிறது. பிசின் மிகுந்த பைன் விறகு கரியும் கசப்பும் படியச் செய்வதால் உண்ணும் இறைச்சிக்குக் கெடுதி. முழுதும் எரிந்து சாம்பலாக வேண்டிய பலிக்கோ அதன் உயர்ந்த தழலே தேவை. யூபிலி நூல் ஏற்ற ஒலிவத்தை மிஷ்னா விலக்கியதற்குத் தல்மூத்தில் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அம்மரங்கள் கணு மிகுந்தவை என்றார் ரப் பப்பா. கணு மிகுந்த விறகு நன்கு எரியாமல் புகையும் என்பது உரையாசிரியர் சிலர் தரும் விளக்கம். நாட்டில் மக்கள் குடியிருந்து வாழ்வதற்கு அவை வேண்டும் என்றார் ரப் அகா பர் யாக்கோபு. எண்ணெயும் திராட்சை இரசமும் தரும் மரங்களைக் கடவுளுக்காக வெட்டி எரித்தால் கடவுள் தந்த நாடு பாழாகும் என்பது அவர் கருத்தின் பொருள். அப்படியானால் கனி தரும் அத்தியை எரிக்கலாமா என்ற தடை உடனே எழுகிறது. காய்க்காத அத்தியே பயன்பட்டது என்று தல்மூத் விடையளிக்கிறது. இவ்விடையில் சற்று வலிந்து பொருத்திய சாயல் தெரிந்தாலும், பலிபீடத்தின் பசி ஊராரின் உணவுக்கு மேற்பட்டதன்று என்ற கொள்கை அதனால் குறைவுபடவில்லை. பலிபீடம் ஒதுக்கிய திராட்சைக் குச்சிகளின் தணலையே பிரான்சின் போர்தோ வட்டாரச் சமையல் மாட்டிறைச்சி சுட விரும்பித் தேடுகிறது. அங்கே எரிக்கப்படுவது ஆண்டுதோறும் கவாத்துச் செய்து கழிக்கப்படும் குச்சி என்பதால், கொடிக்கு இழப்பில்லை.

விறகின் தூய்மையும் நடைமுறை நோக்கிலேயே பார்க்கப்பட்டது. உடற்குறை காரணமாகப் பலி செலுத்தும் பணிக்கு விலக்கப்பட்டிருந்த குருக்கள், ஆலயத்தின் பெண்கள் முற்றத்து வடகிழக்கு மூலை அறையில் அமர்ந்து விறகைச் சோதித்துப் புழு அரித்தவற்றைத் தள்ளினர். யூத நாட்காட்டியின் ஆப் மாதம் பதினைந்தாம் நாளுக்குப் பின் வெயில் தளர்வதால் மரம் சரியாக உலராது என்று கருதி, அந்நாளோடு பலிபீடத்துக்கு விறகு வெட்டுவது நிறுத்தப்பட்டது.

கடவுளுக்கு உகந்த நறுமணம் என்று பழைய ஏற்பாடு பலியைக் குறித்துப் பன்முறை சொல்வதை ரப்பிமார் கடவுளின் மூக்கோடு தொடர்புபடுத்தவில்லை. தாம் சொன்னது செய்யப்பட்டது என்பதில் அவர் கொள்ளும் நிறைவையே அது குறிக்கும் என்று விளக்கினர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் மைமோனிடிஸ் இதையும் தாண்டிச் சென்று, நாள்தோறும் விலங்குகள் வெட்டப்பட்ட இடத்தில் கசாப்புக்கடையின் நாற்றம் வீசாதிருக்கவே தூபம் விதிக்கப்பட்டது என்று எழுதினார். பலியின் மணம் கடவுளுக்கு உணவாகிறது என்ற எண்ணத்தைவிட, மணத்தைக் கீழ்ப்படிதலாகப் படிக்கும் இவ்விளக்கமே வலுவானது; மாதுளைக் கோலின் கணுவரை சென்று ஆராய்ந்த மனப்பாங்கோடும் அதுவே பொருந்துகிறது.

மிஷ்னாவை ஏற்காத சமாரியர் என்னும் சமயக் குழுவினர், நப்லூஸ் நகரை ஒட்டிய கெரிசிம் மலையில் இன்றும் பஸ்கா ஆடுகளை நீண்ட மரக்கோல்களில் கோத்து, நெருப்பு மூட்டிய குழிகளில் இறக்கி, மேலே மண்பூசி மூடிச் சுடுகின்றனர். யூதரிடையே ஆலயத்தின் அழிவோடு அப்பலி நின்றுபோயிற்று. அவ்விரவில் சுட்ட இறைச்சி உண்பதை மிஷ்னா அந்தந்த ஊர் வழக்கத்துக்கு விட்டுவிட்டது. இன்று பஸ்கா விருந்தின் தட்டில் ஓர் எலும்புத் துண்டு, பெரும்பாலும் வீட்டு அடுப்பிலேயே வாட்டப்பட்டு, வைக்கப்படுகிறது. அது பலியன்று, பலியின் நினைவு மட்டுமே என்பதால் பொதுவாக அதை எவரும் உண்பதில்லை.