மூடிய பெட்டி

விலை கொடுத்து வாங்குகிற பொருளைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா? பார்க்காமல் வாங்குவதில் ஒரு படபடப்பு இருக்கிறது. அதில் ஒரு சுகமும் இருக்கிறது. அந்தச் சுகத்துக்கு விலை வைத்து விற்கிறவனை வியாபாரி என்பதா, சூதாடி என்பதா?

தமிழில் 'சீட்டு' என்ற சொல் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டு எத்தனையோ காரியங்களை நடத்திவிடுகிறோம். பொழுது போகச் சீட்டு ஆடுகிறோம். மாதா மாதம் சீட்டுக் கட்டுகிறோம். முடிவுக்கு வர முடியாதபோது சாமி முன்னால் சீட்டுப் போட்டுப் பார்க்கிறோம். திருவிழாக் கூட்டத்தில் மூணு சீட்டுக்காரனிடம் பணத்தைத் தோற்றுவிட்டு, வீட்டில் சொல்லாமல் மறைக்கிறோம். விளையாட்டு, சேமிப்பு, பக்தி, மோசடி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். இவற்றுக்கு நடுவே எங்கேயோ மெல்லிய கோடுகள் இருக்கின்றன. அவை எங்கே என்பதுதான் கேள்வி.

இந்த யோசனையை எனக்கு உண்டாக்கியவன் பதினாறு வயதுப் பையன். உறையூரில் நாச்சியார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது என் சிநேகிதர் வீடு. தறி ஓட்டிய குடும்பம். அவருடைய பேரன் ஒரு புதுவகைச் சீட்டாட்டத்தில் ஈடுபட்டிருக்கிறான். ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டு அல்ல இது. ஆடுகிறவன் ஒவ்வொருவனும் தன் கட்டைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். ரிச்சர்ட் கார்பீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1993-ல் 'மேஜிக்' என்ற ஆட்டத்தை இந்த முறையில் அமைத்தார். 1996-ல் ஜப்பானில் 'போக்கிமான்' சீட்டுகள் வந்தன. சீட்டுகளை ஒட்டிய உறைக்குள் வைத்து விற்பார்கள். மேஜிக்கின் தொடக்க கால உறையில் பதினைந்து சீட்டுகள்: பதினொன்று சாதாரணம், மூன்று சற்று அருமை, ஒன்று மிக அருமை. அந்த ஒன்று எது என்பது பிரிக்கும் வரை தெரியாது. அப்படிச் சாதாரண உறையில் வந்த 'பிளாக் லோட்டஸ்' என்ற சீட்டின் பிரதி ஒன்று 2021-ல் 5,11,100 டாலருக்கு ஏலம் போயிற்று. இந்தச் செய்தியைப் படித்த பையனுக்கு இரவில் தூக்கம் வருமா?

இப்போது இதற்கு மாதச் சந்தாவும் வந்துவிட்டது. பணம் கட்டினால் மாதம் ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். பையன் ஒரு நோட்டில் கோடு போட்டு, மூன்று வகைப் பெட்டிகளை ஒப்பிட்டு எழுதி வைத்திருந்தான். முதல் வகையில், அச்சிட்டவர்கள் ஒட்டிய உறைகளே ஒட்டியபடி வரும். இரண்டாவதில், விற்பவரே உதிரிச் சீட்டுகளைக் கலந்து கட்டி அனுப்புவார்; சில பெட்டிகளில் மட்டும் விலையுயர்ந்த சீட்டு ஒன்று இருக்கும். மூன்றாவதில் சீட்டே கிடையாது. சீட்டு கசங்காமல் போட்டு வைக்கும் உறை, பகடை, மேஜை விரிப்பு இப்படி. என்ன வரும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.

"எதுக்குக் கட்டலாம், தாத்தா?" என்று என்னைக் கேட்டான்.

"உனக்கு எது பிடித்திருக்கிறது?"

"ரெண்டாவதுதான். அதிலேதான் என்ன வேணும்னாலும் வரலாம்."

"என்ன வேணும்னாலும் வரலாம்னா, ஒண்ணுமே வராமலும் போகலாமேடா" என்றார் என் சிநேகிதர், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். எனக்கு இரண்டாவது பெட்டியின் மேல் வேறு சந்தேகம். முதல் வகைப் பெட்டியை அனுப்புகிறவருக்கும் உறைக்குள் இருப்பது தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். இரண்டாவது வகையில் கட்டி அனுப்புகிறவர் கையில் விளக்கு இருக்கிறது. அருமையான சீட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினாரா என்று கேட்க வாங்குகிறவனுக்கு வழியே இல்லை. அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய யோக்கியதையை நம்பித்தான் முழு வியாபாரமும் நிற்கிறது. மூணு சீட்டுக்காரனுக்கும் இப்படித்தான்: சீட்டு எங்கே என்று ஆடுகிறவனுக்குத் தெரியாது, ஆட்டுவிக்கிறவனுக்குத் தெரியும்.

சோழர்களின் பழைய தலைநகரில் உட்கார்ந்து இதைப் பேசும்போது, அந்தக் குலத்தில் பின்னால் வந்த முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. குடவோலை முறையைத் தேர்தலின் தாய் என்று மேடையில் முழங்குகிறோம். எனக்கு வியப்பாக இருப்பது அதிலுள்ள எச்சரிக்கை. ஓலைகள் இட்ட குடத்தை வயது முதிர்ந்தவர் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஐந்து விரலையும்! விரல் மடங்கினால் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதிர்ஷ்டத்தை அவர்கள் வெறுக்கவில்லை. அதை யாரும் உள்ளங்கையில் மறைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் கவலைப்பட்டார்கள்.

இந்த உறைச் சீட்டுகளின் மூதாதை சிகரெட் பெட்டியில் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பெட்டி நசுங்காமல் இருக்க ஓர் அட்டை வைத்தார்கள்; அட்டையில் படம் போட்டார்கள்; பிறகு படத்துக்காகவே ஜனங்கள் சிகரெட் வாங்கினார்கள். அதே காலத்தில்தான் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு சீமையில் பேர் பெற்றிருந்தது. 1887-ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் சாம்பலைப் பார்த்தே இந்தச் சுருட்டைக் கண்டுபிடிக்கிறான் துப்பறிகிறவன். உறையூரில் அந்தச் சுருட்டைச் சுற்றிய கைகள் பல. அதை வாங்குகிறவன் விரலால் உருட்டிப் பார்க்கலாம், மூக்கருகே வைத்துப் பார்க்கலாம். உடம்புக்கு ஆகாத சரக்குதான். ஆனாலும் அதற்குள் எந்த மர்மமும் கிடையாது.

அப்படியானால் வேண்டிய சீட்டை மட்டும் பார்த்து, விலை பேசி, உதிரியாக வாங்கிவிட்டால் என்ன? பையனிடம் கேட்டேன். பதில் உடனே வந்தது.

"வேணுங்கிறதை மட்டும் வாங்கினா, மாத்திக்க என்ன இருக்கும் தாத்தா? எனக்கு ரெண்டு வந்தது அவனுக்கு இருக்காது. அதுக்காகத்தானே அவன் நம்ம வீட்டுக்கு வர்றான்!"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாத சீட்டுகள் வீண் என்று நினைத்திருந்தேன். அந்த மிகுதிதான் நாலு பையன்களைத் திண்ணையில் ஒன்றாக உட்கார வைக்கிறது. உதிரியாக வாங்குகிறவனுக்குச் சிக்கனம் மிஞ்சும். சிநேகிதன் தேவைப்பட மாட்டான். ஆகையால் மூடிய உறையை அடியோடு பழிக்க எனக்கு மனம் இல்லை.

என் ஆட்சேபம் சந்தாவின் மேல். என் சிநேகிதர் குடும்பத்தில் தீபாவளிச் சீட்டுக் கட்டுவார்கள். மாதம் இவ்வளவு என்று கட்டினால் பண்டிகைக்கு வெடி, இனிப்பு, எண்ணெய், ஒரு பாத்திரம். இதுவும் மாதப் பணம்தான், முடிவில் வருவதும் பெட்டிதான். ஆனால் பெட்டியில் என்ன இருக்கும் என்பது தை மாதத்திலேயே தெரியும். தீபாவளி வந்தால் சீட்டு முடிந்துவிடும். (நடத்துகிறவன் நடுவில் ஓடிப்போவதும் உண்டு. அது வேறு கதை.) குலுக்கல் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர், இருபது மாதம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு அந்த மாதத்துப் பணம். ஒருமுறை எடுத்தவர் பெயர் மறுபடி குலுக்கலில் சேராது. அதிர்ஷ்டம் இங்கே முந்தியா பிந்தியா என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

சர்க்காருக்கும் இந்த வித்தியாசம் புரிந்திருக்கிறது. பெயர் வந்தவன் பரிசை வாங்கிக்கொண்டு விலகிவிட, வராதவன் கட்டிக்கொண்டே இருக்கும் பரிசுச் சீட்டுகளை 1978-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாதாரணச் சீட்டுகளுக்கு 1982-ல் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. லாட்டரி விஷயத்தில் சர்க்காரே தடுமாறியது: தமிழகத்தில் 1968-ல் அரசே விற்கத் தொடங்கி, 2003-ல் விற்பனைக்கே தடை போட்டார்கள். 2018-ல் பெல்ஜியம், கணினி விளையாட்டுகளில் பணம் வாங்கிக்கொண்டு திறக்கவிடும் மூடிய பெட்டிகளைச் சூது என்றே அறிவித்தது.

மாதப் பெட்டிக்குத் தீபாவளி கிடையாது. இந்த மாதம் ஏமாற்றம் என்றால், அந்த வருத்தம் ஆறுவதற்குள் அடுத்த மாதத்துப் பணம் வங்கியிலிருந்து தானாகவே போய்விடுகிறது. பெட்டிக்கடையில் பரிசு அட்டை கிழித்த காலத்தில், காசு தீர்ந்ததும் பையன் வீட்டுக்குத் திரும்பினான். கையை விட்டுக் காசு போவதைக் கண் பார்த்தது. இங்கே அந்தக் காட்சியே இல்லை. நிறுத்தச் சொல்லி எழுதுகிற வரை ஆசைக்கு ஓய்வு இல்லை. பதினாறு வயதில் நிறுத்தச் சொல்லி யார் எழுதுவார்கள்? அறுபதிலேயே எனக்குத் தெரிந்த பலர் எழுதவில்லை.

பையனும் மூன்று நண்பர்களும் சந்தாவை விட்டுவிட்டுப் பணம் போட்டு, முப்பத்தாறு உறைகள் கொண்ட முழுப் பெட்டி ஒன்றை ஒரே தடவை வாங்குவதென்று பேசியிருக்கிறார்கள். பிரித்த சீட்டுகளை நடுவில் கொட்டி, முறை வைத்து ஆளுக்கு ஒன்றாக எடுப்பதாம். மிக அருமையான சீட்டு வந்துவிட்டால், அது முதல் முறைக்காரனுக்கா, அல்லது விற்று நாலு பங்காகவா என்பதில் மட்டும் இன்னும் தகராறு தீரவில்லை என்று என் சிநேகிதர் சொன்னார்.