வாக்கும் கணக்கும்

முதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா என்ற கேள்வியை ஓய்வூதியச் சட்டங்கள் நேரடியாகக் கேட்பதில்லை. எத்தனை சதவீதம், எந்த வயதில், எந்த நிதியிலிருந்து என்றுதான் அவை பேசும். ஆனால் ஒவ்வொரு சதவீதத்தின் அடியிலும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடக்கிறது. சென்ற நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் பல தேசங்களில் இந்தப் பதில் மாறியது. கேள்வியை யாரும் எழுப்பாமலேயே பதில் மாறிவிட்டது என்பதுதான் இங்கு நம் கவனத்துக்குரியது.

சிலியில் 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டபின் பொருளாதாரம் சிகாகோவில் படித்துத் திரும்பிய நிபுணர்கள் கைக்கு வந்தது. தொழிலாளர் மந்திரி ஹோஸே பின்யேரா வகுத்த ஓய்வூதியத் திட்டம் 1980இல் ஆணைச் சட்டமாகி, 1981 மே மாதம் அமலுக்கு வந்தது. தொழிலாளி தன் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தன் பெயரிலுள்ள கணக்கில் போடவேண்டும். அதைத் தனியார் கம்பெனி ஒன்று முதலீடு செய்யும். கணக்கில் என்ன சேர்கிறதோ அதுதான் அவன் முதுமை. முதலாளியின் பங்கு நீக்கப்பட்டது. ராணுவமும் போலீஸும் மட்டும் பழைய ஏற்பாட்டிலேயே இருந்துகொண்டன. தான் ஆக்கிய உணவைத் தான் உண்ண மறுப்பவனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

1994இல் உலக வங்கி முதுமை நெருக்கடியைத் தவிர்ப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சிலியின் சோதனை ஒரு சூத்திரமாக ஊர் ஊராகப் போயிற்று. பெரு, அர்ஜெண்டினா, பொலிவியா, மெக்ஸிகோ, ஹங்கேரி, கஸகஸ்தான், போலந்து, நைஜீரியா. 1981க்கும் 2014க்கும் இடையில் 30 நாடுகள் இதை முழுதாகவோ பகுதியாகவோ ஏற்றதாகவும், 2018க்குள் அவற்றில் 18 நாடுகள் முழுதாகவோ பகுதியாகவோ பின்வாங்கியதாகவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

அந்நியச் சரக்கு என்பதால் இதை மறுப்பது சுலபம். அது போதாது. ஓய்வூதியம் என்பதே எல்லை கடந்து வந்த கருத்துதான். 1889இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனியில் பிறந்த முதியோர் காப்பீட்டைப் பின்பற்றி, சிலியே 1924இல் தன் தொழிலாளர்களுக்குச் சட்டம் இயற்றியது. பிஸ்மார்க்கும் கருணையினால் அதைச் செய்யவில்லை. சோஷலிஸ்டுகளின் மீதிருந்த பயம் ஒரு காரணம். பழைய ஏற்பாடு நியாயமானதாகவும் இருக்கவில்லை. சிலியில் தொழிலுக்கொரு நிதி, நிதிக்கொரு சலுகை. வயலில் வேலை செய்பவனுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் எங்குமே அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. ஆகவே இழந்த சொர்க்கம் பற்றிய புலம்பல் பொய்.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய சட்டம் குறைபட்டதானாலும் ஒரு வாக்கு. வாக்குக்குக் கொடுத்தவன் ஒருவன் உண்டு. அவன் தவறினால் வாசலில் போய் நிற்கலாம். கணக்குக்கு அப்படி யாருமில்லை. 2008இல் உலகச் சந்தை சரிந்தபோது சிலியின் நிதிகளில் அதிக ஆபத்துள்ள வகை ஏறத்தாழ 40 சதவீத மதிப்பை இழந்தது. யாரும் வாக்குத் தவறவில்லை; யாரும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அரசு கம்பெனியைக் காட்டும், கம்பெனி சந்தையைக் காட்டும், சந்தைக்கு முகம் கிடையாது. சூத்திரத்தை எழுதியவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவுமில்லை, நீக்கவும் முடியாது. கொள்கை தொழில்நுட்பமாக உருமாறிப் பயணம் செய்யும்போது நேர்வது இதுதான். பொறுப்பு மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிடுகிறது.

ஜனத்தொகையில் முதியவர்கள் பெருகும்போது வாக்கைக் காப்பாற்ற முடியாது, ஆகவே அவரவர் சேமிப்பே கதி என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆனால் சேமித்த பணம் சேமித்த நெல் அல்ல. 30 வருஷத்துக்குப் பிறகு ஒரு கிழவன் சாப்பிடப்போகும் சோறு அந்த வருஷத்தில் யாரோ ஓர் இளைஞன் விளைவிப்பது. அவனைத் தூக்கி உட்காரவைக்கும் கை அன்று உழைக்கும் கை. வாக்கு இந்தச் சார்பை ஒப்புக்கொள்கிறது. கணக்கு அதை மறைக்கிறது. என்னுடையதை நான் தின்கிறேன் என்ற பிரமையை ஊட்டுகிறது. சிலியின் நிதிகள் 1990களிலிருந்து வெளிநாடுகளிலும் முதலீடு செய்யத் தொடங்கின. சாந்தியாகோவின் கிழவர், தான் அறியாத தேசத்தில் தான் அறியாத ஒருவனின் உழைப்பில் பங்கு பெறுகிறார். சார்பு உலகம் முழுதும் பரவிவிட்டது. அதற்கு ஈடான உறவோ உரிமையோ பரவவில்லை. உலகமயமாதலின் தார்மிகப் பிரச்னையை நான் இங்குதான் காண்கிறேன்.

தமிழ்நாடு 2003 ஏப்ரலிலும், மத்திய அரசு 2004 ஜனவரியிலும் புதிதாகச் சேரும் ஊழியர்களைக் கணக்கின் பக்கம் நகர்த்தின. இங்கும் மத்திய அரசின் திட்டத்தில் ராணுவம் விலக்கப்பட்டது. அரசு வங்கிகளில் 2010 ஏப்ரல் எல்லைக்கோடு. ஒரே கவுண்டரில் அடுத்தடுத்து உட்காரும் இரண்டு குமாஸ்தாக்களில் ஒருவருக்கு வாக்கு, மற்றவருக்குக் கணக்கு. வேலை ஒன்றுதான். இதில் பாதிக்கப்பட்டவர்கள் பேசும்போதுகூட என் பணம், என் பங்கு என்ற பாஷையில்தான் பேசுகிறார்கள். முதுமை காப்பற்றுக் கிடக்கும் கோடிக்கணக்கானவர்கள் அந்தப் பேச்சில் வருவதில்லை. வென்ற கொள்கை தோற்றவர்களின் நாக்கிலும் குடியேறிவிடுகிறது.

2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ உயர்ந்ததற்காகச் சாந்தியாகோவின் தெருக்களில் இறங்கியவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றியும் முழங்கினார்கள். 2025இல் நிறைவேறிய சட்டம், 1981இல் விலக்கப்பட்ட முதலாளியின் பங்கைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவருகிறது. அதில் ஒரு பகுதி பொதுக் காப்பீட்டுக்குப் போகிறது. தனியார் கம்பெனிகள் இருக்கத்தான் செய்கின்றன. இதை வெற்றி என்று கொண்டாட எதுவுமில்லை. ஆனால் ஒருவனுடைய முதுமையில் இன்னொருவனுக்கும் சம்பந்தமுண்டு என்பதை, அதை மறுத்துச் சட்டம் எழுதிய தேசமே மறுபடியும் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. அதற்கு 44 வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் முதுமையடைந்து இறந்துபோனவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பது எந்த அறிக்கையிலும் இல்லை.